லிங்க் வாங்கலாமா, விற்கலாமா?

இணையதளங்களுக்குக் காசு கொடுத்து லிங்க் வாங்குவது பற்றியும் விற்பது பற்றியும் நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இந்த முறை முழுவதும் அதற்கே.

கேள்வி: கைவினைப் பொருள்கள் விற்கும் சிறிய இணையதளம் நடத்துகிறேன். ஒரு எஸ்.இ.ஓ. நிறுவனம் (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை செய்வது) மாதம் நூறு பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து என் தளத்துக்கு வரும் லிங்க்) தருகிறோம், எல்லாமே டி.ஏ. (டொமைன் அத்தாரிட்டி என்ற தள மதிப்பெண்) 50-க்கு மேல் உள்ள தளங்கள், மூன்று மாதத்தில் கூகுளில் முதல் இடம் உறுதி என்கிறது. ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியும் உண்டாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் வேறொருவர் வேறு பெயரில் இதே சரக்கோடு வருவார்.

கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-இல் விவரித்த பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் லிங்க் ஏறக்குறைய ஓட்டு மாதிரி. நல்ல பெயர் உள்ள தளம் போட்ட ஓட்டுக்கு மதிப்பு அதிகம். அது தெரிந்த நாளிலிருந்தே ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் தொடங்கிவிட்டது. தேடலில் மேலே வருவதற்காகப் பணமோ பொருளோ சேவையோ கொடுத்து வாங்கும் லிங்க்கை கூகுள் தன் விதிகளில் 'லிங்க் ஸ்பேம்' என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. கூகுள் மட்டுமல்ல. சீனாவின் பைடு 2013-இலும், ரஷ்யாவின் யாண்டெக்ஸ் 2015-இலும் விலைக்கு வாங்கிய லிங்க்குகளைக் குறிவைத்தே தனி அல்காரிதம் (தானாக இயங்கும் கணிப்பு முறை) கொண்டுவந்தன.

சரி, வாங்கினால் என்ன ஆகும்? 'கூகுள் தண்டித்துவிடும்' என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. ஒன்றுமே நடக்காது, அதுதான் உங்கள் நஷ்டம். 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற அல்காரிதம் வந்தபோது, செயற்கை லிங்க் வைத்திருந்த தளங்கள் தடாலென்று கீழே விழுந்தன. 2016 செப்டம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து கூகுளின் போக்கு மாறியது. தளத்தைக் கீழே தள்ளுவதைவிட, அந்த லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது வழக்கமானது. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பேம்பிரெய்ன் என்ற செயற்கை நுண்ணறிவு முறையும் இந்த வேலைக்கு வந்தது. லிங்க் விற்கும் தளங்களையும் வாங்கும் தளங்களையும் அதனால் அடையாளம் காண முடியும் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. மதிப்பில்லாமல் போன லிங்க்குக்கு உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது. நிறுவனம் மாதாமாதம் நூறு வரிகள் கொண்ட எக்செல் பட்டியலை அனுப்பும், நீங்கள் பணம் கட்டுவீர்கள். அந்த நூறில் எத்தனை எண்ணப்பட்டது என்பது அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கவே முடியாத பொருளுக்கு முன்பணம் கட்டச் சொன்னால் வேறு எந்தக் கடையிலாவது கட்டுவோமா?

அடுத்து அந்த டி.ஏ. கணக்கு. அது மாஸ் என்ற தனியார் மென்பொருள் நிறுவனம் 1 முதல் 100 வரை போடும் மதிப்பெண். அஹ்ரெஃப்ஸ் நிறுவனத்தின் டி.ஆர். எண்ணும் அப்படித்தான். இரண்டையும் கூகுள் தன் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை. காலாவதியான பழைய டொமைன்களை (இணைய முகவரிகளை) வாங்கி, அங்கே வருவதைத் தங்கள் தளத்துக்கு ரீடைரக்ட் செய்தே (திருப்பிவிட்டே) இந்த எண்களை ஏற்றிவிடலாம், ஏற்றுகிறார்கள். விற்பவர் காட்டும் பட்டியலில் நான்கைந்து தளங்களை நீங்களே திறந்து பாருங்கள். ஒரே பக்கத்தில் சூதாட்டம், கடன், பல் மருத்துவம், நாய் உணவு எல்லாவற்றுக்கும் லிங்க் இருந்தால் அது லிங்க் விற்கவே கட்டிய தளம்.

'முதல் இடம் உறுதி' என்ற பேச்சுக்கு ஒரே வரி போதும்: யாராலும் அந்த உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

கேள்வி: பயணக் கட்டுரைகள் எழுதும் தளம் என்னுடையது. பழைய கட்டுரை ஒன்றில் ஒரு வரி சேர்த்து லிங்க் கொடுத்தால் பணம் தருவதாக மின்னஞ்சல்கள் வருகின்றன. வாங்குவது தப்பா? தளம் நடத்தும் செலவாவது வருமே.

பதில்: விளம்பரத்துக்குக் காசு வாங்குவது தப்பே இல்லை. காசு வாங்கியதை வாசகரிடமும் தேடுபொறியிடமும் மறைப்பதில்தான் சிக்கல். வாசகருக்கு 'இது விளம்பரம்' என்று கண்ணில் படும்படி எழுதுங்கள். தேடுபொறிக்கு, லிங்க்கின் எச்.டி.எம்.எல். குறியீட்டில் உள்ள 'ரெல்' பண்பில் 'ஸ்பான்சர்ட்' என்று குறியுங்கள். 2019 செப்டம்பரில் அதற்காகவே கொண்டுவந்த குறி அது. 2005-இலிருந்து இருக்கும் 'நோஃபாலோ' ('இந்த லிங்க்கை ஓட்டாக எண்ணாதே' என்ற குறி) போட்டாலும் செல்லும். இரண்டில் ஒன்று இருந்தால் விதிப்படி உங்கள் மேல் குற்றம் இல்லை.

இதைச் சொன்னவுடன் மின்னஞ்சல் அனுப்பியவர் 'டூஃபாலோதான் (இந்தக் குறிகள் எதுவும் இல்லாத லிங்க்) வேண்டும், ஸ்பான்சர்ட் என்று எங்கேயும் போடக்கூடாது' என்பார். அங்கேயே தெரிந்துவிடும், அவர் கேட்பது உங்கள் வாசகர்களை அல்ல, கூகுளிடம் உங்களுக்கு இருக்கும் நல்ல பெயரை. ஒருமுறை விற்றுப் பாருங்கள், உங்கள் முகவரி லிங்க் தரகர்களின் பட்டியல்களில் ஏறிவிடும். அப்புறம் நாளுக்கு நாள் மின்னஞ்சல் கூடும். வருகிற தளங்களின் தரம் இறங்கிக்கொண்டே போகும்.

விற்பவருக்கும் நடவடிக்கை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2007 அக்டோபரில், லிங்க் விற்ற தளங்களின் பேஜ்ரேங்க் எண்ணை (0 முதல் 10 வரை வெளியே காட்டிய மதிப்பெண்) கூகுள் எல்லோர் கண்ணிலும் படும்படி குறைத்தது. இப்போது அந்த எண் வெளியே தெரிவதில்லை, 2016-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் கருவி) 'உங்கள் தளத்திலிருந்து செல்லும் இயல்புக்கு மாறான லிங்க்குகள்' என்று ஒரு தனி நடவடிக்கையே இருக்கிறது. அது வந்தால் உங்கள் தளம் தரும் லிங்க்குகளை கூகுள் நம்பாமல் போகலாம், நீங்கள் மனதாரப் பரிந்துரைத்த நண்பரின் தளத்துக்குக் கொடுத்தது உட்பட.

கேள்வி: லிங்க் விற்பது சட்டப்படி குற்றமா?

பதில்: லிங்க் விற்பது மட்டுமே குற்றம் ஆகாது. இது தேடுபொறி நிறுவனம் வகுத்த விதி, சட்டமல்ல. விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் விடுவது மட்டும் பல நாடுகளின் நுகர்வோர் சட்டத்தில் மாட்டும், அது தனிக் கதை. 'கூகுள் என்னைக் கீழே தள்ளியது அநியாயம்' என்று நீதிமன்றம் போனவர்களும் உண்டு. லிங்க் விளம்பர வலைப்பின்னல் நடத்திய சர்ச்கிங் என்ற அமெரிக்க நிறுவனம் 2002-இல் வழக்குப் போட்டது. தளங்களுக்கு மதிப்பெண் போடுவது கூகுளின் கருத்து, அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி 2003-இல் ஓக்லஹோமா கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் எல்லாம் இதைச் செய்துதானே மேலே நிற்கின்றன? அவர்களை யார் கேட்கிறார்கள்?

பதில்: கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைத்தொடர் 2011 பிப்ரவரியில் சிக்கியது. நியூயார்க் டைம்ஸ் இதழ் விசாரித்ததில், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு லிங்க்குகள் வந்தது தெரிந்தது. கூகுள் கை வைத்ததும், பயணப் பெட்டி தொடர்பான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்தது இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. லிங்க் வைத்தது எங்களுக்குத் தெரியாது என்று சொன்ன ஜே.சி. பென்னி, தன் எஸ்.இ.ஓ. நிறுவனத்தை விலக்கியது. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃப்ளோரா பூக்கடை நிறுவனம், தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூடக் கிடைக்காத நிலைக்கு வந்தது. அதன் விளம்பரக் கட்டுரைகளை வெளியிட்ட உள்ளூர்ச் செய்தித்தாள் தளங்களும் சேர்ந்து மதிப்பிழந்தன.

கூகுள் தன்னையே தண்டித்துக்கொண்டதும் உண்டு. காசு கொடுத்து எழுதவைத்த பதிவுகளுக்காக 2009-இல் கூகுள் ஜப்பான் தளத்தின் பேஜ்ரேங்க்கை 9-இலிருந்து 5-க்கு இறக்கியது. 2012 ஜனவரியில் குரோம் உலாவியின் பக்கத்தைக் குறைந்தது 60 நாளுக்குக் கீழே தள்ளியது.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கோபம் நியாயமானது. இன்டர்ஃப்ளோரா 11 நாளில் திரும்பி வந்துவிட்டது. பூ வாங்க நினைப்பவர்கள் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள், அதைக் காட்டாமல் விட்டால் கூகுளுக்கும் குறைதான். லிங்க்குகளை நீக்க ஆள் பட்டாளத்தை இறக்கவும் அவர்களிடம் வசதி இருக்கிறது. சின்னத் தளத்துக்கு இரண்டும் கிடையாது. பெரியவர்கள் தப்பிக்கிறார்கள் என்பது நீங்களும் இறங்குவதற்கான காரணமாகாது, இறங்காமல் இருப்பதற்கான காரணம்.

கேள்வி: சர்ச் கன்சோலில் 'உங்கள் தளத்துக்கு வரும் இயல்புக்கு மாறான லிங்க்குகள்' என்று அறிவிப்பு வந்திருக்கிறது. லிங்க்குகளை வாங்கியது இரண்டு வருடம் முன்பு நான் வைத்திருந்த ஏஜென்சி. இப்போது அவற்றை நீக்கித் தர ஒவ்வொரு லிங்க்குக்கும் தனிக் கட்டணம் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: போட்டதற்கு ஒரு காசு, எடுப்பதற்கு ஒரு காசு. இந்தத் தொழிலின் பழைய பழக்கம்தான். கட்டணத்தைக் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது அல்காரிதம் செய்ததல்ல, கூகுள் ஊழியர் ஒருவர் பார்த்து எடுத்த நடவடிக்கை. அதனால் முறையிட வழி இருக்கிறது. முதலில் அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். நடவடிக்கை தளம் முழுவதற்குமா, சில பக்கங்களுக்கு மட்டுமா என்று அதில் இருக்கும். பிறகு சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதியில் உங்களுக்கு லிங்க் தரும் தளங்களின் பட்டியலைத் தரவிறக்குங்கள். ஏஜென்சி அனுப்பிய பழைய மாத அறிக்கைகள் இருந்தால் இப்போதுதான் அவற்றுக்கு உண்மையான உபயோகம்: காசு கொடுத்த லிங்க்குகள் எவை என்று அதிலேயே இருக்கும். ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தெந்தத் தளத்தில் வைத்தீர்கள், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று. நீங்கள் காசு கொடுத்த வேலையின் கணக்கு அது, கேட்க உரிமை இருக்கிறது.

அந்தத் தள உரிமையாளர்களுக்கு நீங்களே எழுதி, லிங்க்கை நீக்கவோ நோஃபாலோ போடவோ கேளுங்கள். பலர் பதிலே போட மாட்டார்கள், சிலர் பணம் கேட்பார்கள். கொடுக்க வேண்டியதில்லை. நீக்க முடியாதவற்றுக்காக கூகுள் 2012 அக்டோபரில் தந்ததுதான் டிஸ்அவோ கருவி. சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒரு டொமைன் எழுதி ஏற்றினால், 'இவற்றை என் கணக்கில் எடுக்காதே' என்று சொன்னதாக ஆகும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு லிங்க்காக எழுதாமல் மொத்த டொமைனாகவே எழுதுங்கள், வேலை மிச்சம். ஆனால் நல்ல தளங்களின் லிங்க்குகளையும் பயத்தில் சேர்த்து எழுதிவிடாதீர்கள். எதையும் நீக்க முயலாமல் எல்லாவற்றையும் டிஸ்அவோ செய்துவிட்டு முறையிட்டால் கூகுள் ஏற்பதில்லை, யார் யாருக்கு எழுதினீர்கள் என்ற குறிப்பை வைத்திருங்கள்.

கடைசியாக மறுபரிசீலனை விண்ணப்பம். அதில் ஏஜென்சியைத் திட்டி ஒரு பக்கம் எழுதத் தோன்றும், வேண்டாம். என்ன நடந்தது, எவற்றை நீக்கினீர்கள், எவற்றை நீக்க முடியவில்லை, இனி வாங்கப்போவதில்லை, இவ்வளவு போதும். பதில் வர நாள் கணக்காகலாம், வாரக் கணக்கும் ஆகலாம். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது சகஜம், விடுபட்டதைச் சரிசெய்து மீண்டும் அனுப்பலாம்.

நடவடிக்கை நீங்கினாலும் பழைய இடம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அந்த லிங்க்குகளின் பலத்தில் வந்த இடம் என்றால், லிங்க்குகளோடு அதுவும் போகும்.

கேள்வி: போட்டியாளர் வேண்டுமென்றே என் தளத்துக்கு மோசமான லிங்க்குகளை வாங்கிவிட்டால்? ஒரு ஏஜென்சி மாதச் சந்தாவில் 'நச்சு லிங்க்' சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறது.

பதில்: எல்லாத் தளத்துக்கும் குப்பை லிங்க்குகள் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைத் தானாகவே ஒதுக்கிவிடுவதாக கூகுள் சொல்கிறது. டிஸ்அவோ பெரும்பாலான தளங்களுக்குத் தேவையே இல்லை என்றும் சொல்கிறது. சர்ச் கன்சோலில் அறிவிப்பு எதுவும் இல்லை, நீங்களும் லிங்க் வாங்கியதில்லை என்றால் சந்தா கட்ட வேண்டாம். 'நச்சு' என்பது அந்தந்த மென்பொருள் போடும் முத்திரை.

கேள்வி: புதிதாகத் தொடங்குவதற்குப் பதில், நிறைய லிங்க்குகள் உள்ள பழைய டொமைனை விலைக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: டொமைனோடு அதன் கடனும் சேர்ந்து வரும். முந்தைய உரிமையாளர் வாங்கிய நடவடிக்கை, ஆள் மாறியதால் மட்டும் நீங்காது. பணம் கொடுக்கும் முன் சர்ச் கன்சோலைப் பார்க்கும் அனுமதியைக் கேளுங்கள். 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் (கூகுள் ஊழியர்கள் எடுத்த நடவடிக்கைகளின் பட்டியல்) எதுவும் இல்லை என்று உங்கள் கண்ணால் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் போதாது. விற்பவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். வேபேக் மெஷினில் (தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகம்) அந்த முகவரியின் பழைய தோற்றங்களைப் பார்த்தால், சமையல் தளமாக இருந்தது நடுவில் சூதாட்டத் தளமாகி மீண்டும் சமையலுக்கு வந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பழைய டொமைனின் பெயரைப் பயன்படுத்தி, சம்பந்தமில்லாத மட்டமான உள்ளடக்கத்தை மேலே ஏற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் தனி விதிமீறலாகவே அறிவித்துவிட்டது. ஆகவே லிங்க்குகளுக்காக மட்டும் வாங்குவதென்றால் அந்த விலை கொடுக்க வேண்டாம். பெயர் பிடித்திருக்கிறது, அதே துறையில்தான் தளம் நடத்தப்போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். லிங்க்குகளுக்கு விலையில் ஒன்றும் சேர்க்காமல் பேரம் பேசுங்கள்.