நீண்டகால வார்டில் ஒரு நாள்: கேள்வி பதில்

மனச்சிதைவு நோயால் பல வருடம் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர்களோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குபவனாக, வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணன் 12 வருடமாக உள்ளே இருக்கிறார். யாராவது சொன்னால்தான் குளிக்கிறார். சோம்பேறித்தனமா சார்?

இல்லைம்மா. காதில் கேட்கும் குரல்கள் பலருக்கு மருந்தில் அடங்கும். ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் உந்துதல் போய்விடுவதும் இதே நோய்தான். அதை மருந்து அவ்வளவாக மீட்டுத் தராது. போதாததற்கு வார்டு வேறு. மணி அடித்தால் சாப்பாடு, யாரோ எடுத்துத் தரும் சட்டை. ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960களில் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் யாருக்குக் குறைந்ததோ, அவர்கள்தான் அதிகம் தேறினார்கள்.

குளியலைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரியுங்கள்: துண்டு எடுப்பது, தண்ணீர் பிடிப்பது, சோப்பு போடுவது. முதலில் கூட நின்று செய்யுங்கள். அப்புறம் ஒரு வார்த்தை. பிறகு துண்டைக் காட்டினாலே போதும். சொன்னபின் காத்திருங்கள். அவர் கை நகர அரை நிமிடம் ஆகலாம். அதற்குள் நாமே மக்கை எடுத்து ஊற்றிவிடுகிறோம். எங்கள் வார்டில் ஒருவரிடம் தினமும் இரண்டு சட்டையை நீட்டி, எது வேண்டும் என்று கேட்டோம். ஒரு வாரத்துக்கு மேல் வெறுமனே பார்த்தார். பிறகு ஒரு நாள் நீலச் சட்டையைத் தொட்டார். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வார்டில் 45 பேர், பகலில் நாங்கள் மூன்றே நர்ஸ். நேரம் ஏது?

எல்லோருக்கும் எல்லாமும் முடியாது சிஸ்டர். ஐந்து பேரை எடுங்கள், ஆளுக்கு ஒரே ஒரு வேலை. எல்லா ஷிஃப்டிலும் அதை ஒரே சொல்லில் சொல்லுங்கள். ஒருவர் திட்டி, இன்னொருவர் கெஞ்சினால் ஒன்றும் பதியாது.

குளித்தால் டோக்கன், டோக்கனுக்கு பிஸ்கட். இது சரியா?

பழைய முறைதான், அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1960களில் செய்து பார்த்தார்கள், பலன் இருந்தது. ஆனால் சாப்பாடு, படுக்கை, வீட்டாரைப் பார்ப்பது இவற்றை டோக்கனோடு கட்டவே கூடாது. அவை அவருடைய உரிமை.

மருந்தைக் கூட்டினால் சுறுசுறுப்பு வருமா?

பெரும்பாலும் வராது. அளவு கூடினால் தூக்கமும் கை கால் இறுக்கமும்தான் கூடும். டாக்டரிடம் பேசுங்கள், நீங்களாக எதையும் மாற்றாதீர்கள்.

சமையலறையில் வேலை வாங்குகிறார்கள். அதுவும் பயிற்சியா?

விருப்பத்தோடு, கூலியோடு என்றால் நல்ல பயிற்சி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும். கட்டாய மொட்டை, கட்டாயச் சீருடை இரண்டையும் அதே சட்டம் தடுக்கிறது.

அண்ணன் வெளியே வந்தால் சமாளிப்பாரா?

வார்டில் கற்றது வீட்டில் தானாக வந்துவிடாது. எங்கே வாழப்போகிறாரோ அங்கேயே பழக வேண்டும். சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, பல வருடம் உள்ளே இருந்தவர்களை நாலைந்து பேராக ஊருக்குள் வாடகை வீடுகளில், உதவியாளரோடு குடிவைத்திருக்கிறது. நீங்கள் அடுத்த முறை போகும்போது, அனுமதி வாங்கி அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். காசை அவரே கொடுக்கட்டும். மீதிச் சில்லறையை அவர் எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.