புகைத்தலை விட்ட பிறகு ஈறில் இரத்தம் வருவது ஏன்?

கேள்வி: டொக்டர் அம்மா, எனக்கு வயது 46. தேயிலை ஃபெக்டரியில் வேலை. 20 வருடமாகச் சிகரட், இடையிடையே வெற்றிலையோடு புகையிலையும். ஐந்து வாரத்துக்கு முன் எல்லாவற்றையும் விட்டேன். இப்போது பல் துலக்கினால் இரத்தம் வருகிறது. முன்பு வந்ததே இல்லை. நிறுத்தியதால்தானா? திரும்பத் தொடங்கலாமா என்று மனம் அலைகிறது.
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: தொடங்கிவிடாதீர்கள் அண்ணா. உங்கள் ஈறுநோய் புதிது இல்லை, இத்தனை நாள் மறைந்திருந்தது. நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே கிருமி குடியிருந்தாலும் ஈறு வெளிறி, இறுகி, நல்ல ஈறு மாதிரியே இருக்கும். விட்ட சில வாரங்களில் இரத்த ஓட்டம் திரும்புகிறது, கசிவும் தெரிகிறது.

என் அப்பாவும் ஃபெக்டரியில்தான் இருந்தார், கொழுந்து வாட்டும் மாடியில். இரவு வேலையில் குளிருக்கு இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வார். “என் ஈறில் ஒரு சொட்டு இரத்தம் வந்ததில்லை” என்பார். புகையிலை இருந்த இடத்தில் மட்டும் ஈறு இறங்கி, மஞ்சள் வேர் வெளியே தெரிந்தது. ஒருநாள் தேங்காய் ரொட்டி கடிக்கும்போது பல் வலியே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. துளிச் சொத்தை இல்லை. அதைப் பிடித்துவைக்க எலும்புதான் இல்லை.

தாடை எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் கட்டப்படும். நிக்கொட்டின் கட்டும் செல்களைத் தளர்த்திவிடும், கரைப்பவை ஓயாது. பல்லை ஈறோடு பிணைக்கும் நாரும் சரியாக உண்டாகாது. போன எலும்பு தானாக வளராது. ஆனால் விட்டவருக்குத் தேய்வு மெதுவாகும், சிகிச்சையும் பிடிக்கும்.

அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போவது உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போய், பல்லில் இறுகிப் படிந்திருக்கும் காறையை எடுப்பியுங்கள். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி. 5, 6 என்றால் எலும்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறதா என்றும் சோதியுங்கள், அதுவும் ஈறைக் கெடுக்கும். இரத்தம் வரும் இடத்தில் துலக்குவதை நிறுத்தாமல், மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள்.

அப்புறம், வெறும் பாக்கும் வேண்டாம். புகையிலை சேராவிட்டாலும் அது வாய்ப் புற்றுநோய் தரும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, வாய் முழுதாகத் திறக்காத இறுக்கமோ இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். எந்தக் கன்னத்தில் அடக்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.