நித்தியகல்யாணியும் கண் புற்றும் – கடிதம்

ஐயா, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். மகள் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி வருடம் படிக்கிறாள். குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுக்கு மருந்து தேடும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்கிறாள். வேலியோரத்து நித்தியகல்யாணி இலைச் சாற்றைப் புற்றுச் செல்லில் சோதிப்பதையே ப்ராஜெக்டாக எடுக்கலாமா? அது நல்ல தொடக்கமா?

அன்புள்ள நண்பருக்கு,

செடி நல்ல செடிதான், கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். உங்கள் ஊர் மலையாளிகள் சவம்நாறி என்றும் நம்மவர்கள் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லும் அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின், 1963 முதல் மருந்தாக இருக்கிறது. இந்தப் புற்றுக்கு அதை எட்டோபோசைடு, கார்போபிளாட்டின் என்ற வேறு இரண்டு புற்றுமருந்துகளோடும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், பத்து கிலோ குழந்தைக்கு வெறும் அரை மில்லிகிராம். அவ்வளவு கடுமையான நஞ்சு. இலையைக் கஷாயம் வைத்து யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

சாறு செல்லைக் கொல்லுமா என்பதற்கு விடை கிடைத்து அறுபது வருடமாகிறது. மருந்து கண்ணுக்குள் போய்ச் சேருமா, சேர்ந்தால் விழித்திரை பிழைக்குமா என்பதுதான் இன்றும் பாடுபடுத்தும் கேள்வி. கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் கூழில் ரத்தக்குழாய் கிடையாது. கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் அங்கே விதைபோல மிதக்கும். ரத்தத்தில் ஏற்றிய மருந்து அவற்றைத் தொடுவது அரிது. அதனால் மெல்ஃபலான் என்ற இன்னொரு புற்றுமருந்தை நேராக அந்தக் கூழிலேயே ஊசியால் செலுத்துகிறார்கள். அளவு 20 முதல் 30 மைக்ரோகிராம். 50ஐ எட்டினால் கண்ணே சுருங்கிப்போகலாம். ஊசித் தடம் வழியாகப் புற்று வெளியே வந்துவிடக் கூடாதே! ஆகவே முதலில் கண்ணின் முன்பக்க நீரைக் கொஞ்சம் எடுத்து அழுத்தத்தைக் குறைத்து, ஊசியை உருவும்போது அந்த இடத்தை உறையவைக்கிறார்கள். மெல்ஃபலான் கரைத்த கொஞ்ச நேரத்திலேயே நீரோடு வினைபுரிந்து வீரியம் இழக்கும் என்பதால், கலக்கியதைக் காத்திருக்க விட முடியாது.

உங்கள் மலையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. புற்றுச் செல்லைக் கொல்லும் கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966இல் ஒரு சீன மரத்தில் கண்டுபிடித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மரமான மாப்பியா ஃபீடிடாவிலும் அது இருப்பதை 1972இல் நம் வேதியியலாளர் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் காட்டினார்கள். அது நீரில் கரையாது. கரையட்டும் என்று சோடியம் உப்பாக மாற்றியதில் மூலக்கூறில் வீரியத்துக்கு வேண்டிய லாக்டோன் என்ற வளையம் திறந்துகொண்டது; வீரியம் போனது, நோயாளிகளின் சிறுநீர்ப்பை புண்ணானது. வளையத்தைக் காத்தபடியே கரையும் அதன் மாற்று வடிவமான டோபோடெகான் அனுமதி பெற 1996 ஆனது. இன்று அதையும் விட்ரியஸில் செலுத்துகிறார்கள். இந்தத் துறையில் ஒருவர் வாழ்நாள் இப்படித்தான் கழியும் என்று மகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ப்ராஜெக்டுக்கு வருவோம். ஆய்வகங்களில் வளர்க்கும் ரெட்டினோபிளாஸ்டோமா செல்லான ஒய்79ஐ எடுத்தால் அது தட்டில் ஒட்டாது, திராட்சைக் கொத்துபோல் மிதக்கும். கொத்தை மென்மையாகப் பிரிக்காமல் எண்ணினால் எண்ணிக்கையே தப்பு. உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதைக் கொண்டு செல்லை மதிப்பிடும் எம்டிடி சோதனையில் மேல்நீரை உறிஞ்சும்போது செல்லும் கூடவே போய்விடும், மருந்து கொன்றதாகத் தோன்றும். தட்டை சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய பிறகே உறிஞ்ச வேண்டும். இலைச்சாற்றில் எதிர்த்தொல்லை வேறு: அதிலுள்ள பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கும், செத்த செல் உயிரோடிருப்பதாகக் காட்டும். ஆகவே செல் இல்லாமல் சாறும் எம்டிடியும் மட்டும் உள்ள குழிகள் ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம். கரைப்பான் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும், அது மட்டும் சேர்த்த குழிகளும் இருக்கட்டும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்று கண்ணுக்குத் தெரியாது, செல் வளரும் ஊடகம் கலங்காது. மாதம் ஒருமுறை சோதிக்காத ஆய்வகத்தின் எண்களை நான் நம்பமாட்டேன்.

முக்கியமாக, நல்ல விழித்திரைச் செல்லையும் பக்கத்திலேயே வைத்து அதே அளவு மருந்தைக் கொடுத்துப் பார்க்கட்டும். இரண்டும் சேர்ந்து செத்தால் அது மருந்தில்லை.

சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கட்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி.பிரசாத் ஆகிய மூன்று கண் மருத்துவ நிறுவனங்களிலும் மருத்துவமனையோடு ஆய்வகமும் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அங்கே ஆய்வு செய்பவர்களின் கட்டுரைகளைப் படித்து, யார் விட்ரியஸில் மருந்தின் அளவை அளக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு எழுதச் சொல்லுங்கள்.