கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மலக்குழியும் 50 அடி தள்ளித்தான். பிறகேன் மாரியில் நெருப்புக்காய்ச்சல் (டைஃபொயிட்) வருகிறது?

50 அடிக் கணக்கு மண் நிலத்துக்குரியது. மணலும் களியும் கிருமியை வடித்துப் பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். ஐப்பசி மழைக்கு நிலத்தடி நீர் ஏறி மலக்குழியின் அடியைத் தொட்டால், அங்குள்ளது வடியாமலே கிணற்று ஊற்றுக்கண்ணுக்கு வந்துவிடும். உங்கள் குழி தள்ளியிருக்கலாம்; 2 பரப்புக் காணியில் பக்கத்து வீட்டுக் குழி வேலிக்கு அந்தப்பக்கம்தானே?

நெருப்புக்காய்ச்சல் கிருமியான சால்மொனெல்லா டைஃபி மனிதரிடம் மட்டுமே வாழ்வது. சரியான மருந்து எடுக்காமல் காய்ச்சல் மாறியவர்களில் 100க்கு 5 பேர் வரை பித்தப்பையில் அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் மலத்தோடு வெளியேற்றுவார்கள். அவர்களுக்கு ஒரு வருத்தமும் தெரியாது.

இந்தக் கிருமியைக் கொல்லக் கிணற்றுக்குக் குளோரின் போடும்போதுதான் பலர் பிழைவிடுகிறார்கள். கிணற்று விட்டம் 3 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 14,000 லீற்றர். 70 வீதக் குளோரின் தூள் 20 கிராம் போதும். 30 வீத பிளீச்சிங் பவுடர் என்றால் 45 கிராம் அளவு. தூளை அப்படியே கொட்டாதீர்கள், அடியில் போய்ப் படிந்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றி, துலாவாளியையோ கயிற்று வாளியையோ பலமுறை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். இரவில் போட்டு, காலைவரை மோட்டார் போடாதீர்கள். திறந்து மாதக்கணக்கான பையில் வீரியம் இருக்காது. வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் இந்த அளவு காணாது. முதலில் இறைத்துச் சேறு எடுக்கவேண்டும், சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள்.

ஊற்று ஓடிக்கொண்டிருப்பதால் போட்ட குளோரின் நெடுநாள் நிற்காது. ஆகவே குடிக்க என்றைக்கும் கொதித்தாறிய தண்ணீர்தான். கொதிக்கவைத்ததை மூடிய பாத்திரத்தில் வையுங்கள். செம்பை உள்ளே விட்டு அள்ளினால் பட்ட பாடு வீண். கொதிக்கவைப்பது மட்டும் போதாது: வயிற்றுளைவுக் கிருமியான ஷிகெல்லா தொற்ற 10 முதல் 100 கிருமியே போதும், கையாலேயே தொற்றும். அதற்குச் சவர்க்காரம்தான் வழி.

காய்ச்சல் 3 நாளைக்கு மேல் நீடித்தால் வீட்டில் கிடக்கும் அன்டிபயோட்டிக்கைத் தொடாதீர்கள். அதைக் குடித்தபின் எடுக்கும் இரத்த வளர்ப்புப் பரிசோதனையில் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கிருமி பிடிபடாமல் போகலாம். கிருமி உடலில் புகுந்து 1 முதல் 3 வாரம் கழித்தே பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும். எனவே வைத்தியரிடம் நேற்றுச் சாப்பிட்ட கடையை மட்டும் சொல்லாமல், போன மாதம் எந்தக் கிணற்றில் குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.