தண்ணீர் வடிந்துவிட்டது, ரயில் ஏன் இன்னும் வரவில்லை? – கேள்வி பதில்

புயல் ஓய்ந்த பிறகு புறநகர் ரயில் திரும்ப ஓட ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தண்டவாளப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்பதால் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன். சிக்னலும் மின்சாரமும் என் துறை இல்லை. ஆனால் அந்தத் துறைக்காரர்களோடு சேற்றில் நின்ற நாட்கள் நிறைய. கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

மழை நின்று ஒரு நாள் ஆகிவிட்டது. தண்டவாளம் வெளியே தெரிகிறது, நேராகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் வண்டி விடவில்லை?

தண்டவாளம் விறைப்பான பொருள். அடியில் உள்ள ஜல்லியும் மண்ணும் அரித்துப் போனாலும், ஸ்லீப்பர் கட்டைகளைத் தாங்கிக்கொண்டு கொடிப்பாலம் போலத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும். வண்டி ஏறினால்தான் தெரியும், அப்போது தெரிந்து என்ன பயன்?

இன்னொன்று. வெள்ளம் வடிந்த மறுநாள்தான் கரைக்கு ஆபத்து அதிகம். வெள்ளம் நிற்கும்போது அந்தத் தண்ணீரே கரையின் பக்கவாட்டில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியே மளமளவென்று வடிந்துவிடும், ஆனால் கரைக்குள் ஊறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. முட்டு போய்விட்டது, உள்ளே எடை அப்படியே இருக்கிறது. கரை சரிவது அந்த நேரத்தில்தான்.

பாலம் இதைவிட மோசமாக ஏமாற்றும். ஓட்டம் வேகமாக இருக்கும்போது தூணைச் சுற்றிப் பள்ளம் பறிக்கும். வேகம் குறைந்ததும் அதே ஆறு அந்தப் பள்ளத்தை வண்டலால் மூடிவிடும். மேலே பார்த்தால் படுகை பழையபடி இருக்கும். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். ஆழம் அளந்து, தேவைப்பட்டால் முக்குளிப்பவரை இறக்கிப் பார்க்காமல் பாலத்துக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இப்போதுதான் ட்ரோன் இருக்கிறதே. ஒரு மணி நேரத்தில் முழுப் பாதையையும் பார்த்துவிடலாமே?

பார்க்கலாம், பார்க்கிறார்கள். விழுந்த மரம், சாய்ந்த கம்பம், உடைந்த கரை எல்லாம் தெரிந்துவிடும். 2012ல் சாண்டி புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடலோரப் பாதையில் மோர்கன் திறப்புப் பாலத்தின் தண்டவாளத்தில் படகுகள் ஏறிக் கிடந்தன. அதையெல்லாம் வானத்திலிருந்து பார்த்தால் போதும்.

ஜல்லிக்கு அடியில் இருக்கும் பொந்தை ட்ரோன் காட்டாது. அதற்கு ஆள்தான் நடக்க வேண்டும். தண்ணீர் ஜல்லியை மூடிவிட்டால், ஸ்லீப்பரின் இரண்டு முனைப் பக்கமும் ஆளுக்கு ஒருவராக இரண்டு பேர் இணையாக நடந்து, கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே போவது பழைய இந்திய ரயில்வே முறை. இன்றைக்கும் அதற்கு மாற்று கிடையாது. முதல் இரண்டு நாள் இப்படித்தான் போகும். வெளியே இருப்பவர்களுக்கு அது வேலையே நடக்காத மாதிரி தெரியும்.

எந்தப் பாதையை முதலில் சரிசெய்வது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? எங்கள் பக்கம் எப்போதும் கடைசிதான்!

உங்கள் கோபம் புரிகிறது. கூட்டம் அதிகம் உள்ள பாதைக்கு முதலிடம் என்பது பாதி உண்மைதான். பணிமனைக்குப் போகும் பாதை, மின்சாரம் வரும் துணைமின்நிலையம், முனையத்தின் வாசலில் இருக்கும் பாயிண்ட்டுகள் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் தண்டவாளங்கள்), இந்த மூன்றும் எழுந்தால்தான் மற்ற எதுவும் எழும். ஜல்லி ஏற்றிய வண்டியும், மேல்கம்பி சரிசெய்யும் டவர் வேகனும் தண்டவாளத்தின் மேல்தான் வர வேண்டும். அதனால் வேலை நல்ல முனையிலிருந்து கெட்ட இடத்தை நோக்கி நகரும். கடைக்கோடியில் இருப்பவர் கடைசியில் பார்ப்பது பெரும்பாலும் அதனால்தான்.

பாதை சரியாகிவிட்டது, ஆனால் சிக்னல் கோளாறு என்று வண்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான் வருகிறது. ஒரு விளக்கை மாற்ற இத்தனை நாளா?

விளக்கு என்றால் ஐந்து நிமிடம். வண்டி எங்கே நிற்கிறது என்று சிக்னலுக்குச் சொல்லும் ஏற்பாடுதான் பிரச்சினை. பல இடங்களில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சிறு மின்னோட்டம் விட்டு வைத்திருப்பார்கள். வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டையும் இணைத்ததும் ‘இங்கே வண்டி இருக்கிறது’ என்று சிக்னல் சிவப்பாகும். சேறும் தண்ணீரும் அதே வேலையைச் செய்துவிடும். வண்டியே இல்லாத இடத்தில் சிவப்பு நிற்கும். எரிச்சலாக இருந்தாலும் அது பாதுகாப்பான பக்கத்துக் கோளாறு.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில நாள் வண்டி ஓடாத தண்டவாளத்தின் தலையில் துரு படியும். அந்தத் துருப் படலம் மின்னோட்டத்தைத் தடுத்தால், வண்டி நிற்கும்போதே பாதை காலி என்று காட்டலாம். அதனால்தான் காலி வண்டியை முன்னும் பின்னும் ஓட்டித் தேய்க்கிறார்கள். ‘ஆளில்லாமல் வண்டி போகிறது, எங்களை ஏற்றினால் என்ன’ என்று நடைமேடையில் கத்துவதை நானே கேட்டிருக்கிறேன்.

அப்புறம் பாயிண்ட் மோட்டார்கள், சிக்னலை இயக்கும் மின்சுவிட்சுகள் இருக்கும் ரிலே அறை, கேபிள் இணைப்புப் பெட்டிகள். நனைந்ததை மாற்றுவது ஒரு நாள் வேலை என்றால் சோதிப்பது மூன்று நாள். ஒவ்வொரு பாயிண்ட்டையும் திருப்பிப் பார்த்து, கட்டுப்பாட்டு அறைப் பலகையில் காட்டுவதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஆள் நின்று சரிபார்க்க வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் கிளாப்பம் சந்திப்பு சாட்சி. 1988 டிசம்பர் 12 அன்று அங்கே 35 பேர் இறந்தார்கள். சிக்னல் மாற்றும் வேலையில் அகற்றாமல் விட்ட ஒரு பழைய ஒயர் சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சை காட்டியது. அங்கே புயல் எதுவும் இல்லை. ஒரே ஒரு ஒயர்தான்.

சோதனை முடியும்வரை, கையால் எழுதிய அனுமதிச் சீட்டைக் கொடுத்து ஒரு வண்டி அடுத்த நிலையத்தைத் தாண்டிய பிறகே இன்னொன்றை விடுவார்கள். உங்கள் இரண்டு மணி நேரத்துக்குக் காரணம் அதுதான்.

ஐயா, பணிமனையில் நின்ற வண்டிகளில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். கழுவித் துடைத்தால் போதாதா? இருக்கை நனைந்ததற்காகவா வண்டியை ஒதுக்குவது?

இருக்கை நனைந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். மின்சார வண்டியின் உயிர் தரைக்கு அடியில் இருக்கிறது. இழுவை மோட்டார், மின்மாற்றி, பிரேக் கருவிகள், கம்ப்ரஸர், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் பயணி நிற்கும் தளத்துக்குக் கீழே. சக்கர உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே இவை முழுகிவிடும்.

நல்ல தண்ணீர் என்றால் வாய்ப்பு உண்டு. மோட்டாரைக் கழற்றிக் கழுவி, சூட்டறையில் வைத்து உலர்த்தி, மின்காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று மெக்கர் என்ற அளவுகருவி வைத்துப் பார்த்து, சரியாக வந்தால் திரும்பப் பூட்டலாம். அச்சுப் பெட்டியின் பேரிங்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் கிரீஸ் கெட்டிருக்கும், அதையும் மாற்ற வேண்டும். கடல் தண்ணீர் வேறு கதை. வடிந்த பிறகும் உப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இன்று ஓடும் வண்டி ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிற்கும். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 1910ல் திறந்த ரயில் சுரங்கத்தில் சாண்டியின்போது கடல்நீர் புகுந்தது. தண்ணீரை இறைத்துச் சில நாளில் வண்டி விட்டார்கள், ஆனால் தங்கிய உப்பு பல ஆண்டு கழித்தும் கான்கிரீட்டையும் கேபிளையும் அரித்துக்கொண்டே இருந்தது.

அதே சாண்டியில் நியூ ஜெர்சி டிரான்சிட் என்ற போக்குவரத்து நிறுவனத்தின் எஞ்சின்களும் பெட்டிகளுமாக 300க்கு மேல் தண்ணீரில் நின்றன. பெரும்பாலானவை தாழ்வான சதுப்பு நிலத்துப் பணிமனையில் நிறுத்தியவை. ஜப்பானில் 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயலின்போது சிகுமா ஆற்றின் கரை உடைந்து, நகானோ பணிமனையில் 10 ஷின்கான்சென் அதிவேக வண்டிகள், அதாவது 120 பெட்டிகள், முழுகின. கடைசியில் அத்தனையையும் கழித்துக்கட்டினார்கள். அது புறநகர் ரயில் இல்லைதான், ஆனாலும் நான் யாரைப் பார்த்தாலும் சொல்லும் உதாரணம் இது. பாதை இரண்டே வாரத்துக்குள், அக்டோபர் 25 அன்று, முழுமையாகத் திறந்துவிட்டது. ஓட்டுவதற்கு வண்டி போதவில்லை. அட்டவணையைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள்.

தண்டவாளத்தைச் சில வாரங்களில் போட்டுவிடலாம். புது வண்டி வாங்க வருடக்கணக்கில் ஆகும். எனவே புயலுக்கு முந்தின நாள் வண்டிகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. புயல் வருவதற்கு முன்பே சேவையை நிறுத்தினால் திட்டுகிறோம். வண்டியை மேட்டுக்கு ஏற்ற அந்த நேரம் வேண்டும்.

ஓட்டுநர்கள் வேலைக்கு வராததால்தான் வண்டி இல்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

சில நேரம் உண்மை. அவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான். அவர்கள் வருவதும் ரயிலில்தான்.

மேல்கம்பி அறுந்ததை உடனே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் மழையே இல்லாத நாளில் ‘டமார்’ என்று வெடித்து மறுபடி மின்சாரம் போகிறது. ஏன்?

கடலோரப் பாதையா? அப்படியானால் உப்பு. புயல் காற்றில் வந்த உப்புத்திவலை பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்து காய்ந்திருக்கும். காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனியோ தூறலோ பட்டதும் அது மின்சாரம் போகும் பாதையாகிவிடும். 25,000 வோல்ட் வழி கிடைத்தால் சும்மா இருக்காது. நன்றாகக் கழுவிவிடுவதுதான் மருந்து. கனமழை ஒன்று கொட்டினால் அதுவே கழுவிவிடும் என்பது வேடிக்கை.

கரை முழுக்கப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கினால் எத்தனை நாள் ஆகும்? இரவு பகலாக ஆள் போட்டால் முடியாதா?

ஆள் போடலாம். அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா, கொட்டுவதற்குக் கல்லும் மண்ணும் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நாளைத் தீர்மானிக்கும். சிறு உடைப்பு என்றால் பாறை, மணல்மூட்டை, கம்பிவலைக்குள் கட்டிய கல், இவற்றால் நிரப்பி இரண்டு மூன்று நாளில் மெதுவாக வண்டி விடலாம். தண்ணீர் ஓட வழி வேண்டிய இடமென்றால் தற்காலிக இரும்பு கர்டர் (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) போட்டுத் தாண்டுவோம்.

பெரிய உடைப்புக்கு உதாரணம் இங்கிலாந்தின் கடலோர ஊரான டாலிஷ். 2014 பிப்ரவரி தொடக்கத்தில் கடல் அடித்துச் சுவரையும் ரயில் பாதையையும் சேர்த்துக் கொண்டுபோனது. கப்பல் கண்டெய்னர்களை வரிசையாக வைத்து அலைத்தடுப்பாக்கி அதன் மறைவில் வேலை பார்த்தார்கள். நடுவில் இன்னொரு புயல் வந்து மறுபடியும் கெடுத்தது. அப்படியும் ஏப்ரல் 4 அன்று வண்டி ஓடியது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் எழுப்பியது உங்களுக்குத் தெரிந்த கதை. அங்கே வேகத்துக்கு ஒரு காரணம், கடலில் விழுந்த பழைய கர்டர்களையே தேடி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தியது. புதிதாகச் செய்து வரக் காத்திருந்தால் 46 நாளில் ஆகியிருக்காது.

திறந்த பிறகும் வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போகிறதே?

புதிதாகக் கொட்டிய ஜல்லி உட்கார வேண்டும். இயந்திரம் வைத்துக் குத்தி இறுக்கினாலும் கடைசி இறுக்கத்தைக் கொடுப்பது மேலே ஓடும் வண்டிகள்தான். அதனால் முதலில் 10, 20 கிலோமீட்டர் வேகம், தினமும் அளந்து பார்த்து, மட்டம் இறங்காமல் நின்றால் படிப்படியாக ஏற்றுவார்கள். வெட்டி இணைத்த நீளத் தண்டவாளத்தையும் சரியான வெப்பநிலையில் தளர்த்தி மறுபடி பூட்டாவிட்டால், வெயில் ஏறும் நாளில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும்.

மழை நின்ற உடனே முழு வேகம் கேட்பவர்களுக்கு நான் கார்மாண்ட்டைச் சொல்வேன். ஸ்காட்லாந்து, 2020 ஆகஸ்ட் 12. காலையில் கனமழை. வண்டி அந்தப் பாதைக்கான வழக்கமான வேகத்தில்தான் வந்தது. பக்கத்துச் சரிவில் வடிகாலிலிருந்து அடித்து வந்த கற்கள் தண்டவாளத்தில் கிடந்தன. வண்டி அவற்றில் மோதித் தடம் புரண்டு 3 பேர் இறந்தார்கள்.

பாதித் தூரமாவது ஓட்டக்கூடாதா? மாற்றுப் பேருந்தில் ஏறவே முடியவில்லை.

பாதியில் திருப்ப வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு மாறும் குறுக்கு இணைப்பு வேண்டும். அது எல்லா நிலையத்திலும் இருக்காது. பேருந்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. நெரிசல் நேரத்தில் ஒரு நீளமான புறநகர் வண்டி 2,000 பேரைத் தாராளமாக ஏற்றும். பேருந்து ஒன்றுக்கு 60, 70 பேர். ஒரு வண்டிக்கு ஈடாக 30 பேருந்து, அதுவும் வெள்ளத்தில் நொறுங்கிய சாலையில். பேருந்து இல்லாததற்குச் சமம்தான், ஆனால் விடாமலும் இருக்க முடியாது.

அடுத்த புயலில் இதே இடம் மறுபடி உடையுமா?

பெரும்பாலும் உடையும். கரையைக் கட்டும்போது எல்லோரும் கேட்பது ‘எப்போது திறப்பீர்கள்’ என்று மட்டுமே. பழைய மதகு சின்னது, தண்ணீர் போக வழி இல்லாமல்தான் கரையே உடைந்தது என்று களத்தில் இருப்பவனுக்குத் தெரியும். பெரிய மதகு வைக்க இன்னும் மூன்று வாரம் கேட்டால் கிடைக்காது. பழைய அளவிலேயே வைத்து மூடுகிறோம், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கோப்பில் எழுதுகிறோம். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த மதகு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

திறந்த முதல் நாளே ஏறலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஏறுங்கள், அன்றைக்குத்தான் எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றே ஒன்று. வண்டி நடுவழியில் எவ்வளவு நேரம் நின்றாலும், ஊழியர் சொல்லாமல் கீழே இறங்கி நடக்க வேண்டாம். பக்கத்துப் பாதையில் ஜல்லி வண்டியும் டவர் வேகனும் அட்டவணை இல்லாமல் வந்துபோகும், தொங்குகிற கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

வீட்டுக்குத் தகவல் சொல்ல போனில் சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள்.