பக்கத்து இருக்கைக் கண்கள்

கேள்வி: பேருந்திலோ ரயிலிலோ செல்பேசியைக் கையில் எடுத்தாலே அருகில் இருப்பவரின் பார்வை திரைமேல் வந்து விழுகிறது. 'பிரைவசி கிளாஸ்' ஒட்டினால் பிறருக்குத் திரை கறுப்பாகத் தெரியும் என்கிறார்கள். அது உண்மையா? திரைக்குக் கெடுதல் உண்டா?

பதில்: பக்கவாட்டில் இருப்பவரைப் பொறுத்தவரை உண்மைதான். அந்தப் படலத்துக்குள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணிய கறுப்புத் தடுப்புகள், சன்னல் மறைப்புப் பட்டைகளைப் போல வரிசையாக நிற்கின்றன. திரையிலிருந்து நேராக வரும் ஒளி அவற்றின் இடைவெளி வழியே வெளியேறிவிட, சாய்ந்து வரும் ஒளி தடுப்புகளில் பட்டு உறிஞ்சப்படுகிறது. பெரும்பாலான படலங்களில், நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகியதும் திரை இருண்டுவிடும். ஆனால் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர் ஏறக்குறைய உங்கள் கோணத்திலேயே பார்க்கிறார் என்பதால், அவரிடம் இந்த வித்தை பலிக்காது. தடுப்புகள் ஒரே திசையில் மட்டும் அமைந்த படலமாக இருந்தால், காணொளி பார்க்கச் செல்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பியதும் பக்கத்தில் இருப்பவருக்கும் படம் தெளிவாகத் தெரியும். நான்கு புறமும் மறைப்பவையும் உண்டு. அவற்றில் திரை இன்னும் மங்கலாகத் தெரியும்.

திரைக்குக் கெடுதல் எதுவும் இல்லை; மங்கல்தான் இதற்கு நாம் கொடுக்கும் விலை. அதை ஈடுகட்ட வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி விரைவில் தீரும், பக்கவாட்டில் கசியும் ஒளியும் கூடும். கைரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கும் செல்பேசியானால், அதனோடு ஒத்துப்போகும் படலமா என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டிய பிறகு கைரேகையைப் புதிதாகப் பதிவு செய்வது நல்லது. குடும்பத்தாருக்குப் புகைப்படம் காட்டும்போது எல்லாத் தலைகளும் முட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நான் பேட்டர்ன் வரைந்து திறப்பதை ஒரே ஒருமுறை பார்த்த தோழி, அதை அப்படியே வரைந்து காட்டிவிட்டாள். என்ன செய்வது?

பதில்: உங்கள் தோழி அசாதாரணமாக எதையும் செய்துவிடவில்லை. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகமும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், செல்பேசியைத் திறக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் ஆறு புள்ளிப் பேட்டர்னை ஏறத்தாழ 64 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள்; ஆறு இலக்க எண்ணிலோ அது சுமார் 11 விழுக்காடுதான். விரல் செல்லும் பாதையில் கோடு தோன்றாதபடி அமைத்தபோது 64 என்பது 35 ஆகக் குறைந்தது. ஆகவே ஆறு இலக்க எண்ணுக்கு மாறுங்கள். பேட்டர்னை விட மனமில்லையென்றால், கோடு தெரியும் வசதியையாவது அணைத்துவிடுங்கள். பொது இடத்தில் கைரேகையோ முகமோ கொண்டு திறப்பதே மேல், ஏனென்றால் அங்கே பார்த்து நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை.

கடவு எண்ணை நோட்டமிட்டுவிட்டுப் பிறகு செல்பேசியையே பறித்துச் செல்வோர் இருப்பதால்தான் 2024 ஜனவரியில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17.3இல் 'திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு' சேர்க்கப்பட்டது. அதை இயக்கிவிட்டால், பழக்கமான இடங்களுக்கு வெளியே, சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்க முகமோ கைரேகையோ கட்டாயம் வேண்டும். எண் மட்டும் தெரிந்தவரால் அவற்றைத் திறக்க முடியாது. ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றவோ ஒரு மணி நேரம் காத்திருந்து, மீண்டும் முகத்தையோ கைரேகையையோ காட்ட வேண்டும்.

கேள்வி: மேசைமேல் வைத்த செல்பேசியில் ஓடிபி வந்தால், பூட்டிய திரையிலேயே எல்லாரும் படித்துவிடுகிறார்களே?

பதில்: இதற்குப் படலம் வேண்டியதில்லை. ஐபோனில் அறிவிப்பு அமைப்புகளுக்குள் சென்று, முன்னோட்டம் பூட்டு திறந்த பிறகே தெரியும்படி மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் பூட்டுத் திரை அறிவிப்புகளில் உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவு இருக்கிறது. அதுவரை செல்பேசியைக் கவிழ்த்து வையுங்கள்.