தண்டப்பணத்தைக் கட்டுவதா, வழக்காடுவதா?

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் காரை நிறுத்திவிட்டு மருந்து வாங்கச் சென்றேன். நிறுத்தியபோதே ஒருவர் வந்து தரிப்பிடக் கட்டணம் பெற்றுக்கொண்டு துண்டும் தந்தார். திரும்பி வந்தபோது, அது வாகனம் நிறுத்தத் தடைசெய்யப்பட்ட இடம் என்று கூறிய பொலிஸ் உத்தியோகத்தர், சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்டப்பணப் பத்திரம் எழுதித் தந்தார். தடைப் பலகை இருந்தது உண்மை. ஆனால் கடையொன்றின் பதாகை அதைப் பாதி மறைத்திருந்தது. கணவர் கட்டிவிடச் சொல்கிறார், மகன் வழக்காடச் சொல்கிறான். எது சரி?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கையிலுள்ள இரண்டு தாள்களும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை. கட்டணத் துண்டு மாநகர சபையின் பெயரில் தரப்படுவது. தண்டப்பணப் பத்திரம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பொலிஸார் தருவது. கட்டணம் செலுத்தியதனால் மட்டும் தடைசெய்யப்பட்ட இடம் அனுமதிக்கப்பட்ட இடமாகிவிடாது. ஆயினும் சபையின் சார்பில் ஒருவர் அதே இடத்துக்கு, அதே வேளையில் கட்டணம் அறவிட்டிருந்தால், நீங்கள் நல்லெண்ணத்துடன்தான் நிறுத்தினீர்கள் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஆகவே துண்டை எடுத்துப் பாருங்கள். சபையின் பெயர், வாகன இலக்கம், திகதி, நேரம், வீதி ஆகியவை அதில் தெளிவாக இருந்தால் வழக்காடலாம் என்பதே என் கருத்து. வெறும் தொகை மட்டும் அச்சிடப்பட்ட துண்டென்றால், அதை நம்பி நீதிமன்றப் படியேற வேண்டாம். அதைத் தந்தவர் உண்மையில் சபையின் ஊழியர்தானா என்பதே அப்போது சந்தேகத்துக்குரியது.

பதாகை எந்த நேரத்திலும் கழற்றப்படலாம் என்பதால், ஒழுங்கைக்குள் நுழையும் சாரதியின் கண்ணுக்குப் பலகை எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டும் படங்களை இன்றே எடுத்து வையுங்கள். பலகையையும் கவனமாகப் பாருங்கள்: ஒற்றைத் திகதிகளில் மட்டும், அல்லது இரட்டைத் திகதிகளில் மட்டும் நிறுத்தக் கூடாது என்று கூறும் பலகைகளும் உண்டு. பத்திரத்திலுள்ள திகதி அதற்குப் பொருந்தாவிட்டால் வேறு வாதமே தேவைப்படாது.

நாட்கணக்கில்தான் பலரும் இடறுகிறார்கள். உத்தியோகத்தர் தந்த பத்திரமே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் செல்லுபடியாகும். அந்த 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணம் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். தவறினால் 28ஆம் நாள் வரை இரு மடங்கு செலுத்த வேண்டும். அதன் பின்னர் விடயம் நீதிமன்றத்துக்குச் செல்லும். வழக்காட விரும்புபவர் பணம் செலுத்தாமல் நீதவான் முன் தோன்றி, தாம் குற்றவாளி அல்ல என்று கூற வேண்டும். முடிவெடுக்க முடியாமல் நாட்களைக் கடத்துவதுதான் மிக மோசமான வழி. அவ்வாறு கடத்துபவருக்குச் சலுகைத் தொகையும் போய்விடும், வழக்குக்கான ஆயத்தமும் இருக்காது.

நீதிமன்றத்தில் குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுப்பவரின் பொறுப்பு. ஆனால் நீங்கள் குற்றவாளி அல்ல என்று கூறியவுடன் அன்றே தீர்ப்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விசாரணைக்கு வேறு திகதி குறிக்கப்படும், வேலைக்கு விடுப்பு எடுக்க நேரும், சட்டத்தரணியின் கட்டணமும் சேரும், தோற்றால் தண்டம் பத்திரத்திலுள்ள தொகையைவிட அதிகமாகவும் இருக்கலாம். காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் கணவர் சொல்வதே சரி. ஆனால் சபையின் பெயரில் கட்டணம் வாங்கிய அதே இடத்தில் பொலிஸார் தண்டமும் வாங்குவது உங்களோடு முடிந்துவிடும் பிரச்சினை அல்ல. கையில் தெளிவான துண்டுள்ள ஒருவராவது அதை நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மொழியை எண்ணித் தயங்கும் நம்மவர்கள் பலர். கொழும்பில் நீதிமன்ற நடவடிக்கைகள் சிங்களத்தில் நடந்தாலும், வழக்கின் தரப்பினருக்கு அரசு தமிழ் மொழிபெயர்ப்பு வசதி வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. பெயர் அழைக்கப்பட்டவுடனேயே அதைக் கேளுங்கள். பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பொறுப்பதிகாரிக்கும் தமிழிலேயே எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமையுண்டு. துண்டின் பிரதியையும் படங்களையும் இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இதனால் 14 நாள் கணக்கு நின்றுவிடாது. ஆனால் சம்பவம் நடந்த உடனேயே நீங்கள் ஆட்சேபித்தீர்கள் என்பதற்கு அது எழுத்துச் சான்றாகும்.

கேள்வி: புறக்கோட்டையில் கிடைத்த தண்டப்பணத்தைக் கட்டிவிட்டேன். பிறகுதான் அது நியாயமற்றது என்று தோன்றுகிறது. இனி வழக்காடலாமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பணம் செலுத்தியதோடு அந்த விடயம் முடிந்துவிட்டது, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெற்றுக்கொள்ளுங்கள். தடைப் பலகை மறைந்தோ அழிந்தோ இருந்ததுதான் உங்கள் குறை என்றால், இடத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு மாநகர ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.